வெட்டும் ஓரமும்: ஒலித்துண்டுகளின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

“அட, இதுல என்னங்க அரசியல் இருக்கு? துண்டு நீளமா இருந்துச்சு, ஓரத்தப் புடிச்சு இழுத்துச் சின்னதாக்கினீங்க. அவ்வளவுதானே?”

ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. கேள்வியில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. காரணம், நானும் அதே நினைப்பில்தான் அந்த வேலையைச் செய்திருந்தேன். ஒரு பிரதியில் எது சேர்க்கப்படுகிறது, எது விலக்கப்படுகிறது, யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஒலித்துண்டின் ஓரத்தை மவுஸால் பிடித்து நகர்த்தும்போது மட்டும் அதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். அங்கே நடப்பது ‘டெக்னிக்கல்’ சமாச்சாரம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை அந்த ‘டெக்னிக்கல்’ என்ற சொல்லைப் பற்றியது.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் வட மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு சாவு வீட்டின் முன் ஏழு பேர் கொண்ட பறைக் குழு அடித்ததைப் பதிவு செய்தேன். சாவு ஊர்த்தெருவில். அடித்தவர்கள் காலனியிலிருந்து வந்தவர்கள். பதிவு செய்யக் குழுவின் மூத்தவரிடம் அனுமதி கேட்டுத்தான் போயிருந்தேன். மொத்தம் 73 நிமிஷம். எங்கள் அமைப்பு சார்பில் ஒரு குறுந்தகடு போடுவதாகத் திட்டம். நான் ஒலிப்பதிவுப் பொறியாளன் அல்ல. பழைய கம்ப்யூட்டரில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன். இரண்டு மாசம் உட்கார்ந்து அந்த 73 நிமிஷத்தை 46 கிளிப்புகளாக நறுக்கி, ஒட்டி, 19 நிமிஷத்தில் நிறுத்தினேன். கேட்ட தோழர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். “சுத்தமான பறை” என்றார் ஒருவர். அந்தச் சொல் அன்றைக்கு எனக்கு இனித்தது.

நான் வெட்டி எறிந்ததில் பெரும்பகுதி, பறையைக் காய்ச்சும் இடைவெளிகள். பறையின் தோல் பனியிலும் ஈரக்காற்றிலும் தொய்ந்துவிடும், சத்தம் மட்டுப்படும். அடிப்பதை நிறுத்திவிட்டு, வைக்கோலையும் பழைய பேப்பரையும் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி முறுக்கேற்றிக்கொண்டுதான் மறுபடி அடிப்பார்கள். 73 நிமிஷத்தில் இப்படி ஐந்து இடைவெளி. என் கணக்கில் அவை ‘இசை இல்லாத பகுதி’. எனவே ஓரத்தைப் பிடித்து இழுத்து மூடினேன்.

2

இந்த ‘ஓரம்’ என்பது என்ன? பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இசைத் தயாரிப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் திரையில் இடமிருந்து வலமாக ஓடும் ஒரு காலக்கோடு இருக்கும். அதன்மேல் செவ்வகப் பட்டைகளாகக் கிடப்பவைதான் கிளிப்புகள். நாம் பதிவு செய்த ஒலி வன்தட்டில் தனிக் கோப்பாக இருக்கிறது. கிளிப் அந்த ஒலி அல்ல. ‘இந்தக் கோப்பில் இந்த இடம் முதல் இந்த இடம் வரை, இந்த நேரத்தில் ஒலிக்கட்டும்’ என்ற ஒரு கட்டளை மட்டுமே. சுவரில் வெட்டிய ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பின் ஓரத்தை உள்ளே இழுத்தால் ஜன்னல் சிறுக்கிறது. வெளியே இழுத்தால் பெருக்கிறது. வெளியில் இருக்கும் காட்சிக்கு எந்தச் சேதமும் இல்லை. இதைத்தான் ‘அழிக்காத எடிட்டிங்’ என்று துறைசார்ந்தவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

டேப் காலத்தில் அப்படி இல்லை. ஸ்டுடியோ டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். ஆக ஒரு விநாடி என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய 38 சென்டிமீட்டர் நாடா. பிளேடால் சாய்வாக அறுத்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டுவார்கள். அறுத்த துண்டு தரையில் கிடக்கும். தரையில் கிடப்பதைப் பார்த்தால் எதையோ வெட்டியிருக்கிறோம் என்ற உறுத்தலாவது மிஞ்சும். கிளிப்பில் அந்த உறுத்தலுக்கு இடமில்லை. ‘எதுவும் போகலியே, எல்லாம் பத்திரமா உள்ள இருக்கு’ என்று மென்பொருள் ஆறுதல் சொல்கிறது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எதுவும் அழியவில்லை என்பது யாருடைய நிலையிலிருந்து உண்மை? மவுஸைப் பிடித்திருப்பவரின் நிலையிலிருந்து மட்டும். கேட்பவருக்குப் போய்ச் சேருவது ஜன்னலுக்குள் அகப்பட்டது மட்டுமே. கடைசியில் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது மறைக்கப்பட்டது அந்தக் கோப்பில் இருக்காது. வாசித்தவருக்கோ ஓரத்துக்கு அப்பால் என்ன இருந்தது என்று நினைவு மட்டும் உண்டு, இழுத்துத் திறக்கும் அதிகாரம் கிடையாது. தொழில்நுட்பரீதியில் அழிக்காதது, சமூகரீதியில் அழிப்பதாகவே இருக்க முடியும்.

ஒரு சொல் மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1991இல் வந்த புரோ டூல்ஸ் மென்பொருளில் இந்தப் பட்டைகளுக்கு நெடுங்காலம் ‘ரீஜன்’ என்றுதான் பெயர். பிரதேசம், பகுதி. 2011இல் வந்த 10ஆம் பதிப்பில் அதை ‘கிளிப்’ என்று மாற்றினார்கள். நறுக்கு, துணுக்கு. ‘பிரதேசம்’ என்ற சொல்லில், இது ஏதோ ஒன்றின் பகுதி, இதற்கு அண்டை அயல் உண்டு என்ற ஞாபகம் ஒட்டியிருந்தது. துணுக்குக்கு அண்டை அயல் கிடையாது. மற்ற மென்பொருள்களோடு சொல்லை ஒத்துப்போகச் செய்யும் காரியம்தான் என்று சொல்லலாம். ஆனால் எல்லாரும் ஒத்துப்போன சொல் இது என்பதே யோசிக்க வைக்கிறது.

3

ஓரத்துக்கு அடுத்தது கட்டம்.

2001இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ் மென்பொருளைப் புதிதாகத் திறந்தால், நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு என்ற கணக்கில் ஒரு காலம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். நீங்கள் இன்னும் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. ஆனால் காலம் உங்களுக்காக வெட்டி வைக்கப்பட்டுவிட்டது. ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதன் நாலில் ஒரு பங்கு 0.125 விநாடி. கிளிப்பின் ஓரத்தை நகர்த்தினால் அது வழுக்கிக்கொண்டுபோய் ஏதாவது ஒரு கோட்டில்தான் ஒட்டும். இதை மாற்றிக்கொள்ளலாம், மூன்றாகப் பிரியும் கட்டமும் மெனுவுக்குள் இருக்கிறது, கட்டத்தையே அணைத்தும் வைக்கலாம். ஆனால் தேடிப்போய் மாற்ற வேண்டியது எது, கேட்காமலே கிடைப்பது எது என்பதில்தான் மையமும் விளிம்பும் இருக்கின்றன.

என் ஏழு பேரும் நிமிஷத்துக்கு 96 போல ஆரம்பித்து 118 வரை போனார்கள். சீராக ஏறவில்லை. அவர்கள் நின்றுகொண்டு அடிக்கவில்லை, ஆடிக்கொண்டே அடித்தார்கள். வரிசை திரும்பும்போது அடி ஒரு இழை நீண்டது. முன்னால் பாயும்போது இறுகியது. மூன்றாகப் பிரிந்த அடி சில இடங்களில் இரண்டாகச் சாய்ந்து மறுபடி மூன்றுக்கு வந்தது. இந்த நெளிவு, காலை எங்கே வைப்பது என்பதிலிருந்து வருவது. நான் என்ன செய்தேன்? அலைவடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் குறி வைத்து, கிளிப்புகளை நீட்டியும் சுருக்கியும் 108இல் கட்டிப்போட்டேன். ஓரத்தை இழுத்து மறைப்பது ஒன்று. ஒலியையே ரப்பர் மாதிரி இழுத்துக் காலத்தை மாற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் கை அசைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தொழிற்சாலை மணிக்கு உழைப்பாளியின் உடம்பைப் பழக்கிய வரலாற்றை 1967இல் எழுதிய கட்டுரையில் ஈ.பி. தாம்ப்சன் விவரித்திருக்கிறார். வேலையால் அளக்கப்பட்ட காலம் போய், காலத்தால் அளக்கப்பட்ட வேலை வந்த கதை அது. என் திரையில் நடந்தது அதன் சின்ன நகல் என்று இப்போது தோன்றுகிறது. காலால் அளக்கப்பட்ட அடியைக் கட்டத்தால் அளக்கப்பட்ட அடியாக்கினேன்.

அதே சமயம், கருவியின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. 1980இல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 டிரம் இயந்திரத்தில்தான் அடிகளைத் தானாகக் கட்டத்தில் பொருத்தும் வசதி பரவலாக வந்தது. பிறகு அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்பிசி இயந்திரங்களில் ஒன்றை வைத்துக்கொண்டுதான், டெட்ராய்ட்டின் ஜே டில்லா கட்டத்துக்கு ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அடியைத் தள்ளாட விட்டார். அவர் 2006இல் 32 வயதில் இறந்துபோனார். அந்தத் தள்ளாட்டத்தை இன்றைக்கு வாத்தியக்காரர்கள் கையால் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கட்டம் ஒரு விதி அல்ல என்பதற்குச் சாட்சி அது. யார் கையில் இருக்கிறது, எதற்காக என்பதே கேள்வி.

கட்டத்தோடு நான் பட்ட பாட்டில் ஒன்று என்னைக் காட்டிக்கொடுத்தது. காய்ச்சும் இடைவெளியை வெட்டிவிட்டு இருபுறமும் ஒட்டினால், ஒட்டில் ‘டிக்’ சத்தம் வரும். அலை பூஜ்யக் கோட்டைத் தாண்டும் இடமாகப் பார்த்து வெட்டினால், அல்லது இரண்டு துண்டையும் சில மில்லிவிநாடி ஒன்றன்மேல் ஒன்று கரைத்தால் அது போய்விடும். போய்விட்டது. ஆனாலும் காது துள்ளியது. ஏனென்றால் முதல் துண்டில் தொய்ந்த தோல், அடுத்த துண்டில் நெருப்பில் முறுக்கேறிய தோல். சுருதி அரை ஸ்வரத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. நடுவில் நெருப்பு இருந்ததை ஒட்டு ஒளிக்க மறுத்தது. நான் விடவில்லை. பழைய துண்டின் சுருதியைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். நெருப்பு செய்த வேலையை மென்பொருள் செய்தது. “சுத்தமான பறை” தயாரானது இப்படித்தான்.

4

நான் செய்தது புதிதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிளிப் என்ற பெயர் வருவதற்கு முன்பே, ஓரத்தின் அரசியல் முழுசாக வெளிப்பட்ட இரண்டு நிகழ்வுகள் அமெரிக்காவில் உண்டு. இரண்டிலும் துண்டாக்கப்பட்டவர் கறுப்பினத்தவர்.

1964இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆறு கறுப்பின இளைஞர்கள் கொலை வழக்கில் கைதானார்கள். அவர்களில் ஒருவர் டேனியல் ஹாம். அதற்குச் சற்று முன்பு இன்னொரு சம்பவத்தில் பிடிபட்டுப் போலீஸாரிடம் அடிபட்ட அனுபவத்தை அவர் ஒலிநாடாவில் சொல்லியிருந்தார். ரத்தம் வெளியே தெரிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்பதால், உள்ளே கன்றிப்போன காயத்தைத் தானே பிதுக்கித் திறந்து ரத்தத்தைக் காட்ட வேண்டியிருந்தது என்ற சாட்சியம் அது. 1966இல், அந்த ஆறு பேரின் மறுவிசாரணைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக ஸ்டீவ் ரெய்ச் என்ற இளம் இசையமைப்பாளரிடம் நாடாக்கள் ஒப்படைக்கப்பட்டன. மணிக்கணக்கான பேச்சிலிருந்து அவர் ஹாமின் ஒற்றை வாக்கியத்தை எடுத்தார். அதிலும் கடைசிச் சில சொற்களை வெட்டி வளையமாக்கினார். இரண்டு நாடாக்களில் ஒன்றாகத் தொடங்கும் அந்தத் துண்டு மெல்ல மெல்ல விலகி, நாலாகி எட்டாகி, சுமார் 13 நிமிஷத்தில் சொல்லே அடையாளம் தெரியாத ஓசையாகக் கரைந்துபோகிறது. ‘கம் அவுட்’ என்ற பெயரில் அது இருபதாம் நூற்றாண்டு இசை வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

அந்த ஆக்கத்தை இரண்டு விதமாக வாசிக்க முடியும். ஒரு சாட்சியத்தை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி காதில் அறைகிறது என்று ஒரு வாசிப்பு. சாட்சியத்திலிருந்து சாட்சியை உரித்துவிட்டு, அடிபட்டவனின் குரலை வடிவப் பரிசோதனைக்கு மூலப்பொருளாக்கிவிட்டது என்று இன்னொன்று. ரெய்ச்சின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் ஹாமின் பக்கம் நின்றுதான் அதைச் செய்தார். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்ததால் ஓரம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி தீர்ந்துவிடாது. நானும் பறைக்காரர்களின் பக்கம் நின்றுதான் வெட்டினேன்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் சின்னத் துண்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற பாடலில், மற்ற வாத்தியங்கள் நின்றுபோக டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. நாலு வட்டம், ஏழு விநாடிக்கும் குறைவு. வாசித்தவர் கிரிகரி கோல்மன். எண்பதுகளில் சாம்ப்ளர் கருவிகள் வந்ததும் அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்து ஹிப் ஹாப் ஆட்கள் பயன்படுத்தினார்கள். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்டு பேஸ் என்ற இசைவகைகளே அதன்மேல் கட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்தத் துண்டு இருக்கிறது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் அவர் வீடு வாசலின்றி இறந்தார். 2015இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டி, பாடலின் உரிமையாளரான குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். அப்போது கோல்மன் இல்லை.

சரி, வெட்டுவதே பாவமா? இல்லை. அதே 1969இல் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ இசைத்தட்டைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினார். இரண்டு பக்கத்திலும் ஆரம்பத்தில் வந்த பகுதியையே இறுதியில் மறுபடி ஒட்டினார். யாரும் அப்படி வாசிக்கவில்லை. ஆனாலும் அது பொய் என்று யாரும் சொல்வதில்லை. டேவிஸ் அந்த வெட்டை ஏற்றுத் தன் பெயரில் வெளியிட்டார், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. வெட்டியவருக்கும் வெட்டுப்பட்டவருக்கும் நடுவில் ஒரு உறவு இருந்தது. ஹாமுக்கும் கோல்மனுக்கும் இல்லாமல் போனது அதுதான்.

5

நம் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை என்பது 1994 திருத்தத்தில்தான் சேர்ந்தது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர் முதல் பாம்பாட்டி வரை சட்டம் பட்டியல் போடுகிறது. பறை அடிப்பவர் அதில் வாத்தியக்காரராக வருவார். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போனது. வணிகரீதியில் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டி உண்டு என்றது. 38பி என்ற பிரிவைச் சேர்த்து, தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் கோரும் உரிமையையும், தன் பெருமைக்குக் குந்தகம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் கொடுத்தது. நல்ல விஷயம்.

ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கமும் கூடவே இருக்கிறது. எடிட்டிங்குக்காக ஒரு பகுதியை நீக்குவது, குறிப்பிட்ட நேரத்துக்குள் அடக்குவதற்காகக் குறைப்பது, முற்றிலும் தொழில்நுட்பக் காரணங்களுக்காக மாற்றுவது – இவை நிகழ்த்தியவரின் பெருமைக்குக் குந்தகமாகக் கருதப்படமாட்டா என்பது அதன் சாரம். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நண்பர் கேட்ட “அவ்வளவுதானே?” என்ற கேள்வியை நாடாளுமன்றமே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது! நான் செய்த அத்தனையும் இந்த விளக்கத்துக்குள் பாதுகாப்பாக அடங்கும். 73 நிமிஷத்தை 19 ஆக்கியது நேர வரையறை. சுருதி ஏற்றியது, 108இல் கட்டியது எல்லாம் தொழில்நுட்பக் காரணம்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. சினிமாவில் ஒருவரின் நிகழ்த்துதல் தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படுவதில்லை என்றால், சிதைவைத் தடுக்கும் அந்த ஓர் உரிமைக்காக அன்றி, வேறெதற்கும் அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். வட்டம் எப்படிப் போகிறது பாருங்கள்: பெயர் போடாதது வழக்கம், வழக்கம் அப்படி என்பதால் பெயர் கேட்கும் உரிமை இல்லை. படத்தில் சாவு ஊர்வலத்துக்கு ஒரு நாள் கூலிக்கு வந்து அடித்துவிட்டுப் போகிறவர்களின் கதி என்ன என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

‘முற்றிலும் தொழில்நுட்பக் காரணம்’ என்ற சொற்றொடர் செய்யும் வேலை இதுதான். ஒரு தேர்வை, தேர்வே இல்லாதது போலக் காட்டுவது. இயற்கை என்று சொல்லப்படுவதையெல்லாம் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுத்த கோட்பாடுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். இன்றைக்கு இயற்கையின் இடத்தில் தொழில்நுட்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

6

குறுந்தகடு வேலை முடியும் தறுவாயில், விளம்பர இசை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். பறை அடிகளை ஒரு வட்டம், இரண்டு வட்டம் என்று தனித்தனி லூப்பாக வெட்டித் தரச் சொன்னார். யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தும்படி. நானும் 31 லூப்புகளை வெட்டி வைத்தேன். ‘ஃபோக் டிரம் 01, 02’ என்று பெயரும் கொடுத்தேன். பறை என்ற சொல் கூட அதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு குழுவின் மூத்தவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் 19 நிமிஷத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லா இருக்கு தம்பி. ஆனா நாங்க எங்க காச்சினோம்?” என்றார். ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். “இழுத்தா உள்ள இருக்கிறது வெளிய வருமா?” என்று ஆச்சரியப்பட்டார். “குடு, நான் இழுக்கிறேன்.” மவுஸைப் பிடிக்கக் கையைப் பழக்கிக்கொண்டு, மூன்றாவது இடைவெளியின் ஓரத்தை மெல்ல இழுத்தார். வைக்கோல் எரியும் சத்தம், இருமல், யாரோ டீ கேட்பது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்போது அந்தக் குரல் வந்தது. சாவு வீட்டு இளைஞன் ஒருவன், தன் தாத்தா வயதுள்ள அவரைப் பார்த்து, ஒருமையில், சாதிப் பெயரைச் சேர்த்து, ஏன் நிறுத்தினாய் என்று அதட்டுகிறான்.

பதிவு செய்த நாளில் நான் அங்கேயே நின்றிருந்தேன். எடிட் செய்தபோது எத்தனையோ தடவை அந்தக் குரலைக் கடந்து போயிருக்கிறேன். என் குறிப்பேட்டில் அந்த இடத்தில் ‘இடையூறு’ என்று எழுதி வைத்திருந்தேன். “சுத்தமான பறை” என்று தோழர் பாராட்டியது எதிலிருந்து சுத்தமாக்கப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. சாதியிலிருந்து. சாதியை ஒழித்து அல்ல, ஓரத்தை இழுத்து.

உடனே என்னுள் இருந்த செயல்பாட்டாளன் விழித்துக்கொண்டான். “அண்ணே, இது கட்டாயம் இருக்கணும். இதுதான் ஆவணம். நான் வெட்டினது தப்பு, திருப்பிச் சேத்துர்றேன்” என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். “எம் பேரன் இதக் கேப்பான் தம்பி. அவன் எங் கொட்டத்தான் கேக்கணும். அந்தப் பயலோட சத்தத்த ஏன் கேக்கணும்?” என்று சொல்லிவிட்டு ஓரத்தைப் பிடித்துத் திருப்பி உள்ளே இழுத்தார். கட்டம் அணைக்கப்படவில்லை; ஓரம் போய் ஒட்டியது நான் முதலில் வைத்திருந்த அதே கோட்டில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் – குழுவில் சின்னவர், கல்லூரி முடித்தவர் – ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கட்டும் பெரிப்பா. ஊருக்குத் தெரியட்டும். நாம ஏன் மறைக்கணும்?” என்றார். “மறைக்கல, தள்ளி வெக்கிறேன்” என்றார் பெரியவர். பறையை விடுதலைக் கருவியாக எடுப்பதா, இழிவின் சின்னம் என்று எறிவதா என்று தொண்ணூறுகளிலிருந்து தலித் இயக்கங்களுக்குள் நடந்துவரும் விவாதத்தின் ஒரு சின்ன வடிவம் என் கம்ப்யூட்டருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பேசினார்கள். அந்தப் பேச்சில் எனக்கு இடம் இல்லை. இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் வைத்த ஓரமும் அவர் வைத்த ஓரமும் மில்லிவிநாடி சுத்தமாக ஒன்றுதான். கோப்பை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தின் பார்வையில் இரண்டுமே எடிட்டிங்குக்காக நீக்கியவை. ஆனால் நான் வெட்டியது இடையூறு என்று; அவர் வெட்டியது அவமானம் செய்தவனுக்குத் தன் பேரனின் காதில் இடம் தர மாட்டேன் என்று. முதல் வெட்டில் சாதி மறைந்தது; இரண்டாவதில் சாதிக்குப் பதில் சொல்லப்பட்டது. ஒலியில் இல்லாத இந்த வித்தியாசம்தான் அரசியல்.

எனவே எல்லாவற்றையும் வெட்டாமல் அப்படியே வெளியிடு என்பது என் வாதம் அல்ல. அது இன்னொரு வகை அகங்காரம். நம் மனசாட்சிக்காக அடுத்தவரின் அவமானத்தை ஒலிபரப்புவது. நான் கேட்பது சின்ன விஷயம். வெட்டிய பிறகு அல்ல, வெட்டும்போது வாசித்தவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். வெட்டாத கோப்பின் பிரதி ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். துண்டுக்கு வைக்கும் பெயரில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். நாட்டார் ஒலிகளைப் பதிவு செய்யும் தோழர்கள் யாரும் இதைத் தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு பென் டிரைவும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும்.

31 லூப்புகள் விஷயத்தில் பெரியவர் சாதாரணமாகவே பேசினார். “காசு குடுத்தா குடு தம்பி. கல்யாண அடி, திருவிழா அடி எல்லாம் குடு. ஏழு பேர் பேரையும் போடச் சொல்லு. சாவு அடி மட்டும் வேணாம்.” விளம்பர இசைக்காரரிடம் அப்படியே சொன்னேன். என்னிடம் இருந்தது சாவு அடி மட்டும்தான். வேறு அடிகளைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், பெயரும் போட வேண்டும் என்றதும் அவர் திரும்ப வரவில்லை. லூப்புகளை அழித்தேன்.

குறுந்தகட்டில் சுருதி ஏற்றியதையும் 108ஐயும் எடுத்துவிட்டோம். காய்ச்சும் இடைவெளி இரண்டை, எது எது என்று அவர்களே தேர்ந்தெடுத்து, உள்ளே விட்டோம். இப்போது அது 31 நிமிஷம். மூன்றாவது இடைவெளி பெரியவர் வைத்த ஓரத்தோடு மூடியிருக்கிறது. முழு 73 நிமிஷமும் அந்த இளைஞரின் போனில் இருக்கிறது. என்றைக்கு, யாருக்கு அதைப் போட்டுக் காட்டுவது என்பதை அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.